சோற்றில் சேர்ந்தீர்கள், எழுத்திலும் சேருங்கள்: எல்லாக் கட்சிச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு சட்டமன்றத்தின் 234 உறுப்பினர்களுக்கும், அவர்களுடைய கட்சித் தலைவர்களுக்கும்,

வணக்கம்.

நான் சிவகங்கை மாவட்டத்தில் அரசு உயர்நிலைப் பள்ளிகளில் அறிவியல் பாடம் எடுத்து ஓய்வு பெற்ற பட்டதாரி ஆசிரியை. எந்தக் கட்சியிலும் இல்லை. ஆசிரியர் சங்கத்தில் இருந்திருக்கிறேன், போராட்டத்துக்கும் போயிருக்கிறேன். 1988-ல் வேலையில் சேர்ந்தேன். 1989 தொடங்கி 2021 வரை ஆட்சி ஏழு முறை கைமாறியதை வகுப்பறைக்குள் இருந்தே பார்த்தேன். ஒவ்வொரு முறையும் முதலில் மாறுவது தலைமை ஆசிரியர் அறைச் சுவரில் இருக்கும் முதலமைச்சர் படம். அதே ஆணியில் ஒன்று இறங்கும், இன்னொன்று ஏறும். அது முறைதான். மக்கள் ஓட்டுப் போட்டு மாற்றினால் படமும் மாறத்தான் வேண்டும். அந்தப் படத்தோடு சேர்ந்து வேறு என்னென்ன மாறின, எவை மாறாமல் நின்றன என்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்லதைச் சொல்லும்போது பெயர் சொல்லிச் சொல்வேன். கெட்டதைச் சொல்லும்போது கட்சிப் பெயர் சொல்ல மாட்டேன். உங்களில் ஒரு பக்கம் இதைப் படித்துவிட்டு மறுபக்கத்தைக் குத்துவதற்கு இந்த மடல் பயன்படக் கூடாது.

உங்களால் சேர்ந்து செய்ய முடியும் என்பதற்குச் சாட்சி பள்ளிக்கூடத்துச் சமையலறை. 1920-ல் நீதிக்கட்சிக்காரர்கள் சென்னை மாநகராட்சியை நடத்தியபோது, பிட்டி தியாகராயர் தலைமையில் ஆயிரம் விளக்கில் ஒரு பள்ளியில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டார்கள். 1956-ல் காமராசர் மதிய உணவை மாநிலத் திட்டமாக்கினார். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 1989-ல் கலைஞர் ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை வந்தது, பிறகு அது கூடிக்கூடி 2010-ல் வாரம் ஐந்து முட்டை ஆனது. ஜெயலலிதா ஆட்சியில் கலவை சாதமும் மசாலா முட்டையும் வந்தன. 2022 செப்டம்பரில் ஸ்டாலின் காலை உணவை 1,545 தொடக்கப் பள்ளிகளில் ஆரம்பித்தார், அடுத்த ஆண்டே அது எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போனது. ஒருவர் வைத்த உலையை அடுத்தவர் இறக்கி வைக்கவில்லை. இன்னும் ஒரு படி அரிசி சேர்த்துத்தான் போட்டார்கள். மேடையில் ஒருவரை ஒருவர் என்னென்ன பேசிக்கொண்டீர்கள் என்பதைத் தமிழ்நாடே கேட்டது. அத்தனைக்கும் நடுவில் அந்த அடுப்பு அணையவில்லை. இதைவிடப் பெரிய கட்சி கடந்த ஒத்துழைப்பு இந்த நாட்டில் வேறு எங்கே நடந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. யாரும் கூடி உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுச் செய்ததில்லை என்பதால் நீங்களே அதை ஒத்துழைப்பு என்று நினைக்காமல் இருக்கலாம்.

சரி, சோற்றில் முடிந்தது பாடப் புத்தகத்தில் ஏன் முடியவில்லை?

2011 ஜூன் மாதம். பத்தாம் வகுப்பில் ஒரு பிரிவுக்கு நான் வகுப்பாசிரியை. பின்னணி உங்களுக்குத் தெரியும், ஆனாலும் இளையவர்களுக்காகச் சொல்கிறேன். மாநில வாரியம், மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நான்கு வகையாகப் பிரிந்து கிடந்த பள்ளிகளுக்கு ஒரே பாடத்திட்டம் கொண்டுவர முத்துக்குமரன் குழு 2007-ல் அறிக்கை கொடுத்தது. 2010-ல் சமச்சீர் கல்விச் சட்டம் வந்தது. அந்த ஆண்டு ஒன்றாம் வகுப்பிலும் ஆறாம் வகுப்பிலும் ஆரம்பித்தார்கள், அடுத்த ஆண்டு மற்ற வகுப்புகளுக்கும் என்று ஏற்பாடு. புத்தகமும் அச்சாகிவிட்டது. மே மாதம் ஆட்சி மாறியது. ஜூனில் சட்டத்தைத் திருத்தி நிறுத்தினார்கள். உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று வழக்கு நடந்து, ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் பத்து நாளுக்குள் சமச்சீர் கல்வியை நடைமுறைப்படுத்தச் சொல்லித் தீர்ப்புக் கொடுத்தது.

செய்தித்தாளில் இது ஒரு வழக்கு. எங்களுக்கு அது இரண்டு மாதம். பொதுத்தேர்வு எழுதப் போகும் பிள்ளைகள் கையில் புத்தகம் இல்லாத இரண்டு மாதம். முதல் வாரம் ஒன்பதாம் வகுப்புப் பாடத்தைத் திருப்பிப் பார்த்தோம். அடுத்த வாரம் ஆய்வகத்தில் இருந்த நான்கு சோதனைக் குழாய்களை வைத்துச் செய்யக்கூடியதையெல்லாம் செய்து காட்டினேன். அப்புறம் பொது அறிவு, ஓவியம், மைதானம். பழைய புத்தகத்தில் இருந்து நடத்தலாமா என்றால் நாளைக்கே அது செல்லாது என்று தீர்ப்பு வரலாம். புதியதில் இருந்து நடத்தலாமா என்றால் அது கையில் இல்லை. தினமும் காலையில் பிரேயர் முடிந்து வகுப்புக்குள் நுழையும்போது முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து நிற்பாள். "டீச்சர், நமக்கு எந்த புக்குன்னு கோர்ட்ல சொல்லிட்டாங்களா?" இன்னும் இல்லம்மா, உட்காரு என்பேன். ஒருநாள் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். அவள் கேட்டபோது இருந்த சங்கடத்தைவிட, கேட்காமல் விட்ட அன்றைக்கு எனக்குப் பட்டதுதான் அதிகம்.

ஆகஸ்ட் கடைசியில் புத்தகம் வந்தது. சில பக்கங்களில் ஸ்டிக்கர் ஒட்டி மறைத்திருந்தது. முந்தைய ஆட்சியின் தலைவரைப் பற்றியோ அவர் எழுதியதோ பிள்ளைகள் கண்ணில் படக் கூடாது என்று ஒட்டியது. பிள்ளைகளுக்கு வேறென்ன வேலை? எந்தப் பாடத்தையும் அவ்வளவு கவனமாக அவர்கள் படித்ததில்லை. நகத்தால் ஓரத்தைச் சுரண்டி, எச்சில் தொட்டு ஊற வைத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பக்கத்தைத் தூக்கிப் பிடித்து, அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தார்கள். தமிழாசிரியர் அவர்களை அதட்டி உட்கார வைத்தார். அந்த வாரம் என் வகுப்புப் பிள்ளைகள் கற்றுக்கொண்ட பாடம், புத்தகம் என்பது கட்சிக்குச் சொந்தம் என்பது. அதை அழிக்க எனக்கு அந்த ஆண்டு முழுவதும் தேவைப்பட்டது. முழுதாக அழிந்ததா என்பது எனக்கே நிச்சயமில்லை.

அந்தத் தழும்பு ஆறாமலே போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சமச்சீர் சட்டம் நின்றது. அதற்குப் பின் பத்தாண்டு ஆண்டது அ.தி.மு.க. 2017-ல் அந்த அரசே, பேராசிரியர் மு. அனந்தகிருஷ்ணன் தலைமையில் குழு அமைத்து, பத்தாண்டுக்கு மேல் மாறாமல் கிடந்த மேல்நிலைப் பாடங்கள் உட்பட எல்லா வகுப்புக்கும் புதுப் பாடத்திட்டம் எழுத வைத்தது. 2018-ல் கையில் வந்த அந்தப் புத்தகங்களைப் பார்த்து எங்கள் ஆசிரியர் அறையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவ்வளவு நன்றாக இருந்தன. 2021-ல் தி.மு.க. ஆட்சிக்கு வந்தபோது அந்தப் புத்தகங்களைத் தூக்கிப் போடவில்லை. அப்படியே வைத்துக்கொண்டது. நிறுத்தாமல் விட்டது யார் கண்ணிலும் படவில்லை, ஒரு பாராட்டும் வரவில்லை. நான் இப்போது பாராட்டுகிறேன். ஓட்டு வாங்கித் தராத நல்ல காரியம் அது.

மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இன்னொரு சாட்சி. 2020-ல் பழனிசாமி அரசு மசோதா கொண்டுவந்தது. ஆளுநர் ஒப்புதல் தாமதமானபோது, எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ஸ்டாலின் அந்த மசோதாவுக்காக ஆளுநர் மாளிகை முன்னால் போராட்டம் நடத்தினார். அக்டோபர் கடைசியில் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. அடுத்த ஆண்டு அவர் முதல்வரானதும் அதே 7.5 விழுக்காட்டைப் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் நீட்டினார். ஒருவர் போட்ட விதை, இன்னொருவர் போட்ட வேலி. எங்கள் ஒன்றியத்தில் அரசுப் பள்ளியில் படித்து இந்த ஒதுக்கீட்டில் மருத்துவக் கல்லூரிக்குப் போன பிள்ளையின் வீட்டில் நான் தேநீர் குடித்திருக்கிறேன். இது யார் கொடுத்தது என்று அந்த அம்மாவுக்குத் தெளிவாகத் தெரியாது. "கவர்மெண்ட் கொடுத்தது டீச்சர்" என்றார். அவருக்கு அது போதும்.

ஆகவே உங்களால் முடியாது என்று நான் நம்பவில்லை. நிதி இல்லை என்பதும் முழுக் காரணமில்லை. சோறு, பஸ் பாஸ், சைக்கிள், ஒதுக்கீடு போன்றவற்றில் ஒருவருக்கு ஒருவர் போட்டி போட்டாவது கூட்டிக்கொண்டே போனீர்கள். வகுப்பறைக்குள் நடக்கிற படிப்பு என்று வந்ததும், முந்தையவர் செய்தது சரியில்லை என்று புதிதாகத் தொடங்கும் பழக்கம் வந்துவிடுகிறது.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். ஆறாம் வகுப்பில் எங்கள் பள்ளிக்கு வந்தான். பக்கத்து ஊர்த் தொடக்கப் பள்ளியில் ஐந்து வருடம் படித்தவன். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். கரும்பலகையில் நான் எழுதிப் போடுவதை ஒரு புள்ளி பிசகாமல் நோட்டில் இறக்கிவிடுவான். முதல் இரண்டு வாரம் அவன் நோட்டுக்கு நான் 'நன்று' என்று கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவன் எழுதியதையே, இதைப் படிப்பா என்றேன். தலை குனிந்தான். பக்கத்தில் இருந்தவன் சிரித்தான். மத்தியானம் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பார்த்தேன். எழுத்துகளில் பாதி அவனுக்குத் தெரியாது. அவன் எழுதவில்லை, வரைந்துகொண்டிருந்தான். 'செ' என்ற எழுத்தை அவன் கொம்பு போட்ட ஒரு படமாகத்தான் பார்த்தான். ஐந்து வருடம் ஒருவரும் கவனிக்காத அளவுக்கு அழகாக வரைந்திருக்கிறான்.

அந்த ஐந்து வருடத்தில் அவனுடைய தொடக்கப் பள்ளியில் என்ன நடந்தது என்று விசாரித்தேன். சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட முடியாது. செயல்வழிக் கற்றல் என்று ஒன்று இருந்தது. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் ஆரம்பித்து, நல்லது என்று கண்டு, 2007-ல் மாநிலம் முழுவதும் கொண்டுபோனார்கள். முன்னதும் பின்னதும் வெவ்வேறு ஆட்சி, அந்த வகையில் அதுவும் நல்ல தொடர்ச்சிதான். அட்டைகள், தட்டுகள், கற்றல் ஏணி, பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து எழுதச் சுவரின் அடியில் கறுப்பு வண்ணம் பூசிய பலகை. பிறகு அதைச் சுருக்கினார்கள், மாற்றினார்கள், அட்டைகள் பீரோவுக்குள் போயின. அப்புறம் வேறொரு பயிற்சி, வேறொரு கையேடு. கொரோனாவுக்குப் பின் 2021-ல் இல்லம் தேடிக் கல்வி, 2022-ல் எண்ணும் எழுத்தும். இவற்றில் எதையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு முறையை ஏன் கைவிட்டோம், அதில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று தொடக்கப் பள்ளி ஆசிரியரிடம் உட்கார்ந்து சொன்னவர் யாருமில்லை. பயிற்சிக்குப் போய்வந்த ஆசிரியை என்னிடம் சொன்னது: "அக்கா, இதையும் ரெண்டு வருஷம் பார்ப்போம். அதுக்குள்ள அடுத்தது வந்துடும்." அவர் அலுத்துக்கொள்ளவில்லை, அனுபவத்தைச் சொன்னார்.

பிள்ளைகளின் வாசிப்பு பற்றிய ஆய்வு அறிக்கை வரும்போது உங்கள் பக்கங்கள் இடம் மாறுவதையும் பார்த்திருக்கிறேன். எதிர்க்கட்சியாக இருக்கும்போது ஏசர் அறிக்கையைக் கையில் தூக்கிக் காட்டுகிறீர்கள். ஆளுங்கட்சியானதும் அதே அறிக்கையின் மாதிரி சரியில்லை என்கிறீர்கள். எந்த அறிக்கையை நம்புவது என்ற சண்டையில் அந்தப் பையன் ஏழாம் வகுப்புக்குப் போய்விடுகிறான். அரசே மாநில அளவில் அடைவு ஆய்வு எடுக்கிறது. அதை எடுக்கும் முறையை எல்லாக் கட்சியும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டால், வருகிற எண்ணைப் பிறகு யாரும் மறுக்க முடியாது.

தேர்வு விதிகளும் இப்படித்தான். பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வு 2017-18-ல் வந்தது. தனியார் பள்ளிகளில் பலவும் பதினோராம் வகுப்புப் பாடத்தையே நடத்தாமல் தாண்டிவிடுவதைத் தடுக்க வந்த நல்ல எண்ணம். இரண்டு வருட மதிப்பெண்ணும் சேரும் என்று சொல்லி முதல் அணி பரீட்சை எழுதியது. அந்தப் பிள்ளைகள் பன்னிரண்டில் படித்துக்கொண்டிருக்கும்போதே, உயர்கல்விக்கு இனி பன்னிரண்டு மதிப்பெண் மட்டும் போதும் என்று மாற்றினார்கள். 2025-26-ல் அந்தப் பொதுத்தேர்வே எடுக்கப்பட்டது. ஐந்து, எட்டாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு என்று 2019-ல் அறிவித்து, 2020 பிப்ரவரியில் திரும்பப் பெற்றார்கள். திரும்பப் பெற்றது நல்லதே. ஆனால் நடுவில் அந்தச் சில மாதம், பத்து வயதுப் பிள்ளைக்குப் பொதுத்தேர்வு என்று ஊர் ஊராக டியூஷன் பலகை தொங்கியது.

ஆசிரியர்கள் பக்கம் ஒன்றே ஒன்று. 2012-ல் ஓவியம், உடற்கல்வி, தையல், கணினி என்று 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். அவர்களில் பலர் பத்து வருடம் தாண்டியும் பகுதிநேரமாகவே இருந்தார்கள். எங்கள் பள்ளி ஓவிய ஆசிரியர் மதியத்துக்கு மேல் ஒரு பெயிண்ட் கடையில் விளம்பரப் பலகை எழுதப் போவார். அவர் வரைந்த இதயத்தின் குறுக்குவெட்டுப் படம்தான் என் அறிவியல் வகுப்புச் சுவரில் கடைசி வரை இருந்தது. அவருடைய நிரந்தரப் பணி எத்தனை தேர்தல் மேடையில் பேசப்பட்டது என்று அவரே எண்ணுவதை நிறுத்திவிட்டார்.

இன்னொரு பக்கம், ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்துக்கான ஒன்றிய அரசின் பங்கு 2,000 கோடி ரூபாய்க்கும் மேல் நின்று, மாநில அரசு 2025-ல் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டி வந்தது. தேசியக் கல்விக் கொள்கை பற்றி, மும்மொழி பற்றி உங்களுக்குள் இருக்கும் வேறுபாடு உண்மையானது. அதைப் பேசித்தான் தீர்க்க வேண்டும், நான் குறுக்கே வரவில்லை. ஆனால் அந்தப் பணத்தில்தான் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர்களின் சம்பளம் இருக்கிறது. டெல்லியில் செல்வாக்கு உள்ள கட்சிக்காரர்களும் இந்த மடலைப் படிக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன்: கொள்கைச் சண்டையை நடத்துங்கள், அந்தச் சம்பளத்தை அதில் பணயம் வைக்காதீர்கள். அதற்கு நீங்களும் மற்றவர்களோடு சேர்ந்து குரல் கொடுக்க முடியும்.

இனி நான் கேட்பது.

சட்டமன்றத்தில் பள்ளிக் கல்விக்கென்று எல்லாக் கட்சிகளும் இருக்கும் நிலையான குழு ஒன்றை அமையுங்கள். நாடாளுமன்றத்தில் பொதுக்கணக்குக் குழுவின் தலைமையை எதிர்க்கட்சிக்குக் கொடுப்பது மரபு. அதுபோல இந்தக் குழுவுக்கும் எதிர்க்கட்சி உறுப்பினர் தலைமை ஏற்கட்டும். ஒரு பாடத்திட்டமோ தேர்வு முறையோ மாறுவதாக இருந்தால், அந்தக் குழுவின் முன் வைத்துப் பேசி, ஓராண்டு முன்னதாக அறிவித்த பிறகே மாறட்டும். ஒரு விதியின் கீழ் ஒன்பதாம் வகுப்பில் நுழைந்த பிள்ளை அதே விதியின் கீழ் பத்தை முடிக்கட்டும், பதினொன்றில் நுழைந்தவர் பன்னிரண்டை முடிக்கட்டும். இதற்குப் பணம் ஒரு காசு வேண்டாம். எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்: ஒவ்வோர் ஆண்டும் பட்ஜெட் கூட்டத்தொடரில் ஒரு நாள், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் எத்தனை பேர் தமிழ் வாசிக்கிறார்கள் என்ற கணக்கை மட்டும் அவையில் வைத்துப் பேசுங்கள். அன்றைக்கு வெளிநடப்பு வேண்டாம்.

இப்படியொரு குழு கற்பனை என்று நினைத்தால், காமராசரை நினைத்துப் பாருங்கள். 1954-ல் முதல்வரானபோது, தலைமைப் போட்டியில் தன்னை எதிர்த்து நின்ற சி. சுப்பிரமணியத்திடமே கல்வியையும் நிதியையும் கொடுத்தார். 1925-ல் காங்கிரசை விட்டு வெளியேறி அதை எதிர்த்து வந்த பெரியார் வெளியில் இருந்து ஆதரித்தார். நெ.து. சுந்தரவடிவேலு என்ற கல்வி அதிகாரி ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடத்தியபோது, மேசை நாற்காலி கொடுத்தவர்கள் எந்தக் கட்சி என்று யாரும் கேட்கவில்லை.

பெரிய மனிதர்கள் காலம் அது என்பீர்கள். சிறிய மனிதர்களையும் பார்த்திருக்கிறேன். எங்கள் பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் பதவி ஆட்சியோடு சேர்ந்து மாறும். ஒரு தேர்தல் முடிந்ததும் பழைய தலைவர் விலகினார், எதிர்க்கட்சியின் கிளைச் செயலாளர் புதிய தலைவரானார். இருவரும் ஒரே தெரு, பேச்சுவார்த்தை கிடையாது. பழையவர் காலத்தில் மாணவியர் கழிப்பறைக்கு அஸ்திவாரம் போட்டு, பணம் பாதியில் நின்றிருந்தது. புதியவர் அதை இடித்துவிட்டு வேறு இடத்தில் கட்டலாம் என்றார். எட்டாம் வகுப்புப் பெண்களின் அம்மாக்கள் பதினைந்து பேர் கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். யாரும் சத்தம் போடவில்லை. "எங்க பிள்ளைங்க தண்ணி குடிக்காம ஸ்கூலுக்கு வருதுங்க" என்று ஒருவர் மட்டும் சொன்னார். புதியவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அன்று மாலை பழையவர் வீட்டுக்குப் போய், செங்கல் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டிருக்கிறார். மூன்று மாதத்தில் கட்டடம் முடிந்தது. திறப்பு விழாவில் ரிப்பனின் இரு முனையையும் இருவரும் பிடித்துக்கொண்டார்கள், வெட்டியது ஒரு மாணவி. கல்வெட்டில் இரண்டு பெயரும் இருக்கின்றன.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தொடர் தொடங்கும் முன், உங்கள் தொகுதியில் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளிக்குப் போங்கள். பொன்னாடை வேண்டாம், முன்கூட்டித் தகவலும் வேண்டாம். உங்களிடம் தோற்ற வேட்பாளரையும் கூட அழைத்துக்கொண்டு போங்கள். காலை உணவு முடிந்து பிள்ளைகள் கை கழுவிவிட்டு உட்காரும் நேரம் பார்த்துப் போனால் நல்லது. மூன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளையின் பக்கத்தில் தரையில் இருவரும் உட்கார்ந்து, அதன் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திறந்து, இதை வாசிச்சுக் காட்டு தங்கம் என்று கேளுங்கள். முடியும் வரை இருவரும் எழுந்திருக்காதீர்கள்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற பட்டதாரி ஆசிரியை,
சிவகங்கை மாவட்டம்